ஓத அட்டவணை

மருந்துக்கடையில் ஆண்டுதோறும் இலவசமாகத் தரும்
ஓத அட்டவணையை
என் சந்திப்பேட்டின் அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.
கடல் வற்றும் மணியில் யாரும் வரமாட்டார்கள்.
இந்தப் பிரெத்தோன் ஊரின் முதுகுகளெல்லாம் அப்போது
சேற்றில் குனிந்திருக்கும்.
நீர் ஏறியதும் என் படியேறி வருவார்கள்,
பூட்ஸைத் தானாகக் கழற்ற முடியாமல்.

இன்று முதலில் சோயிஸிக்.
இருபத்தாறு வருடமாகச் சிப்பி மூட்டை புரட்டுகிறாள்.
தூக்கு, உலுக்கு, திருப்பிப் போடு,
அடுத்தது.
வலது தோள் காதோரம் போய்க் குடியேறிவிட்டது.
"எலும்பு விலகிடுச்சா?"
எலும்பு எங்கும் போகவில்லை, சோயிஸிக்.
வீட்டோடுதான் இருக்கிறது.
சுற்றியிருக்கும் தசைதான்
கதவைச் சாத்திக்கொண்டு
யார் தட்டினாலும் பதில் சொல்லாமல் இருக்கிறது.

மேசையில் அவளைப் புரட்டிப் போடுகிறேன்.
"இப்ப நானே மூட்டை" என்று
முகம் புதைக்கும் ஓட்டைக்குள்ளிருந்து
தரையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
தோள்பட்டைக்கு அடியில் விரல் நுழைத்துக் காத்திருக்கிறேன்.
இந்த வேலையில் பாதி காத்திருப்பது.
மீதியை நெட்டி முறிப்பது என்று நினைக்கிறார்கள்.
அந்தச் சத்தத்துக்கென்றே காசு கொடுக்கிறவர்கள் உண்டு.
அது மூட்டுக்குள் காற்றுக்குமிழி, அவ்வளவுதான் என்றால்
ஏமாந்த முகத்தோடு சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் துக்துவால்
கத்துகிற பிள்ளைகளை அதட்டத் திரும்பித் திரும்பி
வலப்பக்கம் மட்டுமே போகிற கழுத்து வைத்திருக்கிறான்.
நோட்டரி அலுவலகத்து நொல்வென்
தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள்.
எதை என்று நான் கேட்பதில்லை.
எல்லாரிடமும் ஒன்றையே சொல்கிறேன்:
நடங்கள், கொஞ்சம் எடை தூக்குங்கள், நேரத்துக்குத் தூங்குங்கள்.
இதற்கா அறுபது யூரோ என்று
பார்வையிலேயே கேட்கிறார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள்,
அட்டவணையில் நூற்றெட்டு என்று போட்டிருந்த பெரிய ஓதத்தன்று,
கடல் கண்ணுக்கே எட்டாமல் உள்வாங்கியிருந்தபோது
படியில் காலடி கேட்டது.
வற்றிய மணியில் வந்தவன் கூல்வென்,
மீன்பிடிக் கப்பல்களின் எஞ்சின் மெக்கானிக்.
"முதுகுதான். ஒரு முறி முறிச்சு விடு, போறேன்."

கால்?
மரத்திருக்கிறது.
எந்தக் கால்?
ரெண்டும்.
சிறுநீர்?
சுவரில் மாட்டிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தான்.
நேற்று ராத்திரியிலிருந்து வரவில்லை.
சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம்
யாருடையதோ போலிருக்கிறது.

என் கைகள் அதற்குள்
மேலங்கிப் பைக்குள் போயிருந்தன.
நானாகப் போட்ட நினைவில்லை.
ஆம்புலன்ஸை அழைத்தேன்.
கத்தினான்.
தொடவே இல்லையே, நீ என்ன வைத்தியம் பார்க்கிறவள்,
பயந்தாங்கொள்ளி, இன்னும் என்னென்னவோ,
சில வார்த்தைகள் பிரெத்தோனில்.
ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி பர்ஸைத் தேடினான்.
வேண்டாம் என்றேன்.
அன்றிரவே ரென் நகரில் அறுத்தார்கள்.

நல்ல கை என்று ஊரில் என்னைச் சொல்வார்கள்.
சோயிஸிக்கின் தோள் இறங்கியதற்கு,
துக்துவால் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதற்கு.
கூல்வெனைப் பற்றி யாரும் சொல்வதில்லை.
அவன் உடம்பில் என் கை படவே இல்லை.

ஜூனில் வந்தான், ஊன்றுகோலோடு.
முதுகைப் பற்றிப் பேசவில்லை.
என் மேசையின் மிதியை ஒருமுறை அழுத்தினான்.
மூன்று வருடமாக அது அப்படித்தான்,
ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னால் ஒரு முனகல் முனகும்.
தரையில் உட்கார அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.
நான் உதவப் போகவில்லை,
முறைத்திருப்பான்.
திருகைக் கழற்றினான், ஒரு வளையத்தை மாற்றினான்,
கையைத் தன் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

படியிறங்கும் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.
கோல், வலது கால்.
பிறகு, கொஞ்சம் தாமதமாக, இடது.

மேசை இப்போது சத்தமில்லாமல் ஏறுகிறது.
என் கட்டைவிரல்தான்
இரவில் வெந்நீர்க் கிண்ணம் கேட்கிறது.
நாளை வற்றம் பதினொன்று இருபதுக்கு.
இரண்டு மணிக்கு மேல் எல்லாரும் வருவார்கள்.